பைக் பயணத்தில் பைகளை ஆடாமல் கட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக்கில் தொலைதூரம் கிளம்புகிறவர்கள் எந்தப் பை வாங்கலாம் என்று நிறைய விசாரிப்பார்கள். அதை வண்டியில் எப்படி நிறுத்துவது என்று கேட்பவர்கள் குறைவு. சாதாரணப் பையைக்கூட நன்றாகக் கட்டினால் ஆயிரம் கிலோமீட்டர் போகலாம். விலை உயர்ந்த பையை ஏனோதானோ என்று கட்டினால் பத்தாவது கிலோமீட்டரிலேயே அது பின்சக்கரத்தைத் தேடிப் போகும். இங்கே பேசுவது சாஃப்ட் லக்கேஜ், அதாவது துணிப் பைகள் பற்றி மட்டும்: பின்சீட்டின் மேலோ கேரியரிலோ கட்டும் டெயில் பேக், இரண்டு பக்கமும் தொங்கும் சாடில் பேக், பெட்ரோல் டேங்கின் மேல் வைக்கும் டேங்க் பேக், வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாத டிரை பேக், உருளை வடிவச் சாதாரண டஃபிள் பை.

அலுமினியப் பெட்டி, பிளாஸ்டிக் பெட்டி எல்லாம் இருக்கும்போது பை எதற்கு?

எடை குறைவு. வண்டி சாய்ந்தால் கால் பெட்டிக்கும் தரைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் குறைவு. பெரிய கம்பிச் சட்டம் இல்லாத சின்ன வண்டியிலும் பையைக் கட்டிவிடலாம். பெட்டியைப் பூட்டலாம், பையைப் பூட்டினாலும் கத்தி வைத்து அறுத்துவிடலாம். இது உண்மையான குறைதான். இன்னொரு வேறுபாடு, பெட்டியைத் தாங்க ஒரு சட்டம் இருக்கிறது, பையைத் தாங்குவது நாம் கட்டும் கட்டுதான்.

பஞ்சி கார்டு, அதாவது இரு முனையிலும் கொக்கி வைத்த ரப்பர் கயிறு, போதாதா? எல்லோரும் அதைத்தானே போடுகிறார்கள்?

முக்கியமான பையை அதை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பஞ்சி கார்டு முனைக்கு முனை நீளும் பொருள். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது பையும் குதிக்கும், கார்டு நீண்டு இடம் கொடுக்கும், மறுபடி இழுக்கும். ஒவ்வொரு குதிப்பிலும் பை ஒரு விரற்கடை நகர்ந்தாலே போதும், ஒரு மணி நேரத்தில் அது வேறு இடத்தில் இருக்கும். அடுத்தது அந்தக் கொக்கி. பை தளர்ந்த நொடியில் கம்பியிலிருந்து கழன்றுவிடும், கழன்ற கொக்கி சக்கர ஆரங்களுக்குள் போகும். மாட்டும்போது கை நழுவினால் நேராக முகத்துக்கு வரும். கண்ணில் பட்டுப் பார்வையே போகலாம்.

வலை போன்ற கார்கோ நெட் இருக்கிறதல்லவா, அதற்கு ஒரு நல்ல பயன் உண்டு. நன்றாகக் கட்டிய பையின் மேல் மழைக்கோட்டையோ ஈரத் துண்டையோ செருகி வைக்கலாம். அதோடு அதன் வேலை முடிந்தது.

அப்போது எந்த ஸ்ட்ராப் வாங்குவது?

சுமார் 25 மில்லிமீட்டர் அகலமுள்ள, நீளாத பட்டை. அதில் கேம் பக்கிள் இருக்க வேண்டும், அதாவது பல் வைத்த சின்ன நெம்புகோல் பட்டையை அழுத்திப் பிடிக்கும் வகை. கையால் எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவுதான் இறுகும். அந்த இறுக்கமே பைக்குப் போதும். கடகடவென்று சத்தம் போடும் ராட்செட் வகை, வண்டியையே லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கானது. அதை வைத்து இறுக்கினால் பைக்குள் இருப்பது நசுங்கும், சில கேரியர் கம்பிகள் வளையவும் செய்யும்.

பட்டை எந்த இழை என்றும் பாருங்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சும், நனைந்தால் கொஞ்சம் நீளும். காலையில் கல் மாதிரி இறுக்கிய கட்டு மழைக்குப் பிறகு தொளதொளவென்று ஆவதற்கு இது ஒரு காரணம். பாலியெஸ்டர் நீரை அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது, வெயிலையும் நன்றாகத் தாங்கும். அதனால் என் தேர்வு பாலியெஸ்டர்தான்.

நடுவழியாக ஒன்று இருக்கிறது. ராக் ஸ்ட்ராப் என்ற பெயரில் கிடைப்பதும் அதைப்போன்ற மற்றவையும். ஒரு பகுதி கொஞ்சம் நீளும், மறு பகுதி நீளாத பட்டை, இரண்டு முனையிலும் கொக்கிக்குப் பதிலாக வளையம். பை உள்ளே அமுங்கினாலும் அந்த ரப்பர் பகுதி தொய்வை எடுத்துக்கொள்ளும். டெயில் பேக்குக்கும் டஃபிளுக்கும் நல்ல பொருள். ஆனால் ரப்பரை அதன் எல்லை வரை இழுத்துக் கட்டினால்தான் பிடிமானம் வரும். பாதி இழுத்து விட்டால் அதுவும் பஞ்சி கார்டின் தம்பிதான்.

வண்டியில் எதில் கட்டலாம், எதில் கட்டக் கூடாது?

கட்டும் வேலையில் பாதி இந்தக் கேள்விதான், நிதானமாகப் பாருங்கள்.

நம்பலாம் என்றால்: பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளும், போல்ட் போட்டு சட்டத்தோடு இணைத்த கிராப் ரெயில், இரும்புக் கேரியர், பின்சீட்டில் இருப்பவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்டின் தாங்கி, சீட்டைக் கழற்றினால் தெரியும் சட்டக் குழாய். சீட்டுக்கு அடியில் போல்ட்டில் மாட்டும் சின்னப் பட்டை வளையங்கள் கிடைக்கின்றன. சீட்டை மூடினால் வளையம் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும், பை இல்லாதபோது உள்ளே தள்ளிவிடலாம். கேரியர் இல்லாத வண்டிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நம்பக் கூடாதவை: இண்டிகேட்டர் தண்டு, நம்பர் பிளேட், பிளாஸ்டிக் மட்கார்டு, பக்கவாட்டு பேனல். இவற்றில் கட்டினால் கட்டிய அன்று ஒன்றும் ஆகாது. இரண்டாம் நாள் விரிசல் விடும்.

பலருக்கும் தோன்றாத ஒன்று ஸ்விங் ஆர்ம். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் அந்தக் கை ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் மேலும் கீழும் ஆடும், சீட்டும் கேரியரும் அதோடு சேர்ந்து ஆடாது. ஒரு முனையைக் கேரியரிலும் மறு முனையை ஸ்விங் ஆர்மிலும் கட்டினால், சக்கரம் மேலே வரும்போதெல்லாம் ஸ்ட்ராப் தளரும், கீழே போகும்போது வெடுக்கென்று இழுபடும். கொஞ்ச நேரத்தில் அறும், அல்லது தளர்ந்த நேரத்தில் கழன்று விழும். கட்டும் எல்லா முனையும் சீட்டோடு சேர்ந்து அசையும் பகுதியிலேயே இருக்கட்டும். முன்பக்கமும் அப்படித்தான்: ஹேண்டில் பாரில் எதையும் சுருட்டிக் கட்டினால் திருப்பும்போது ஒயரையும் கேபிளையும் இழுக்கும், ஹெட்லைட்டையும் மறைக்கும்.

சரி, டெயில் பேக்கை எப்படிக் கட்டுவது?

முதலில் பையை நிரப்புங்கள். பாதி காலியாக இருக்கும் பையை யாராலும் உருப்படியாகக் கட்ட முடியாது, இறுக்க இறுக்க உள்ளே இடம் கொடுத்துக்கொண்டே போகும். பொருள் குறைவென்றால் பையின் பக்கப் பட்டைகளை இழுத்து அதைச் சிறிதாக்குங்கள். டிரை பேக் என்றால் வாயைச் சுருட்டும் முன் முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். கனமான பொருள் அடியில், முன்பக்கம், அதாவது உங்கள் முதுகுக்கு அருகில்.

அப்புறம் விசைகளை யோசியுங்கள். காய்ந்த சாலையில் முழு பலத்தோடு பிரேக் பிடித்தால், பையின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான விசை அதை முன்னே தள்ளும். வண்டியை மூக்குக் கீழே பார்க்கச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்தினால் 12 கிலோ பை எப்படி உங்கள் முதுகின் மேல் இறங்கும் என்று கற்பனை செய்யுங்கள், அதுதான் அந்த நொடியில் நடப்பது. அதனால் மேலிருந்து கீழே அமுக்கும் ஒரே ஒரு ஸ்ட்ராப் போதாது. குறைந்தது நான்கு இடத்தில் பிடிமானம் வேண்டும். முன்பக்க இரண்டு முனைகள் பையை முன்னோக்கியும் கீழேயும் இழுக்க வேண்டும், பின்பக்க இரண்டும் பின்னோக்கியும் கீழேயும். நான்கும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும்போதுதான் பை நடுவில் உறைந்து நிற்கும்.

இரண்டு ஸ்ட்ராப் மட்டும் இருந்தால் பையின் மேல் பெருக்கல் குறி மாதிரி போடுங்கள்: இடது முன்னிலிருந்து வலது பின்னுக்கு, வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கு. ஸ்ட்ராப்பைப் பையின் கைப்பிடிக்குள்ளோ பக்க வளையத்துக்குள்ளோ நுழைத்து எடுங்கள். மேலே சும்மா போட்டால் பை அடியிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். வளைய முனையைக் கம்பியைச் சுற்றி எடுத்து, ஸ்ட்ராப்பின் மறுமுனையை அந்த வளையத்துக்குள்ளேயே விட்டு இழுத்தால் கம்பியில் தானாக இறுகிக்கொள்ளும். எல்லாவற்றையும் முதலில் லேசாக மாட்டிவிட்டு, பிறகு இடது வலது என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பை கோணிக்கொள்ளும்.

கட்டியது சரியா என்று எப்படித் தெரியும்?

பையை இரண்டு கையாலும் பிடித்து நன்றாக ஆட்டுங்கள். வண்டி ஆட வேண்டும், பை மட்டும் தனியாக ஆடக் கூடாது. முன்னும் பின்னும், இடமும் வலமும், மேல்நோக்கியும் இழுத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு திசையில் பை மட்டும் நகர்ந்தால் அந்தத் திசையை எந்த ஸ்ட்ராப்பும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். இருக்கும் ஸ்ட்ராப்பை இன்னும் முறுக்கி இறுக்குவதால் அது சரியாகாது, ஸ்ட்ராப் போகும் கோணத்தை மாற்ற வேண்டும்.

இறுக்கிய பிறகு மிஞ்சித் தொங்கும் வால் பகுதியை என்ன செய்வது?

அதைக் கவனிக்காமல் வண்டியைக் கிளப்பவே கிளப்பாதீர்கள்.

ஒருமுறை அவசரத்தில் ஒரு முழம் பட்டையைப் பைக்கு அடியில் செருகிவிட்டுக் கிளம்பினேன். காற்று அதை உருவி எடுத்திருக்கிறது. மெதுவாக ஒரு திருப்பத்தில் போகும்போது கீழே டப்பென்று ஒரு சத்தம், பின்னால் யாரோ பிடித்து இழுத்தது போல வண்டி அதிர்ந்தது. பட்டை செயினுக்கும் ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரத்துக்கும் நடுவே போய்ச் சுருண்டு அறுந்திருந்தது. அறுந்ததால் நான் பிழைத்தேன். அறாமல் இருந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கும். அந்த வேகத்திலேயே கை நடுங்கியது, நெடுஞ்சாலை வேகத்தில் அதே நடந்திருந்தால் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. வாலைச் சுருட்டி ஒரு வெல்க்ரோ துண்டால் கட்டுவேன். வெல்க்ரோ இல்லையென்றால் இறுகிய ஸ்ட்ராப்பையே இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவேன். செருகி வைப்பது கணக்கில் சேராது. எப்போதும் ஒரே வண்டி, ஒரே பை என்றால் மிச்சத்தை வெட்டிவிட்டு முனையை நெருப்பில் காட்டி உருக்கிக்கொள்ளுங்கள், இழை பிரியாது. வெட்டும் முன் ஒரு சாண் விட்டு வையுங்கள், அடுத்த பயணத்தில் பை இன்னும் பெருத்திருக்கலாம்.

ஓடும்போது ஸ்ட்ராப் விர்ரென்று அதிர்ந்து சத்தம் போடுகிறதே?

தட்டையான பட்டையில் காற்று மோதினால் அப்படித்தான் படபடக்கும். கட்டும்போது அந்தரத்தில் போகும் பகுதியில் அரைத் திருகு ஒன்று போட்டுவிடுங்கள். சத்தம் நிற்கும், பட்டையும் தேயாது.

சாடில் பேக் சக்கரத்தின் பக்கம் போகிறது. என்ன செய்யலாம்?

சீட்டின் குறுக்கே போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிடும் பைகளுக்கு மூன்று வேலை செய்ய வேண்டும். ஒன்று, இரண்டையும் இணைக்கும் பட்டை பின்சீட்டுக்கு அடியில் போகட்டும், மேலே போட்டால் நகரும். இரண்டு, ஒவ்வொரு பையின் கீழ் முன் மூலையிலிருந்தும் ஒரு பட்டை பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் தாங்கிக்குப் போக வேண்டும். அது இல்லாத பை திருப்பத்தில் வெளியே விரியும், உள்ளேயும் வந்து அடிக்கும். மூன்றாவதும் முக்கியமானதும், பைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு இரும்புக் கம்பித் தாங்கி. எவ்வளவு இறுக்கினாலும் துணி வளையும், கம்பி வளையாது. தாங்கி இல்லாமல் சாடில் பேக் கட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

வண்டி நிற்கும்போது இடைவெளி இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். பின்சீட்டில் கனமான ஒருவரை உட்காரவைத்து அழுத்தச் சொல்லிப் பாருங்கள், சஸ்பென்ஷன் அமுங்கியபின் பைக்கும் டயருக்கும் செயினுக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு.

சைலன்சர் பக்கம் பை உருகுமா?

உருகும். பாலிப்ரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸிலும், நைலானில் ஒரு பரவலான வகை சுமார் 220 டிகிரியிலும், பாலியெஸ்டர் சுமார் 250 முதல் 260 டிகிரியிலும் உருகும். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். இன்ஜினிலிருந்து வரும் குழாய் இந்த வெப்பத்தை எளிதில் தாண்டும். பை தொடாமல் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், புகை வெளியேறும் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் பாருங்கள். மேல்நோக்கி வளைந்த சைலன்சர் என்றால் அதன் மேல் உலோக வெப்பக் கவசம் ஒன்று போட்டே ஆக வேண்டும். அந்தப் பக்கப் பை கொஞ்சம் சிறியதாகவும் மேலேயும் இருக்கட்டும். முதல் 20 கிலோமீட்டரில் நிறுத்திப் பையின் உள்பக்க அடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் இடம் மாற்றுங்கள். ஸ்ட்ராப்பும் அதே இழைதான், அது சைலன்சரைத் தாண்டிப் போகும் வழியையும் மறக்காதீர்கள். அடுப்பு எரிபொருள், லைட்டர் போன்றவை அந்தப் பக்கப் பையில் வேண்டாம்.

டேங்க் பேக் காந்தத்தில் நிற்குமா?

டேங்க் இரும்பாக இருந்தால் மட்டும். அலுமினிய டேங்கிலும், மேலே பிளாஸ்டிக் மூடி போட்ட டேங்கிலும் காந்தம் பிடிக்காது, அவற்றுக்குப் பட்டை வைத்ததோ, பெட்ரோல் மூடியைச் சுற்றி வளையத்தில் பூட்டும் வகையோ வேண்டும். காந்தப் பை என்றாலும் முன்னால் ஹேண்டிலின் கழுத்துப் பகுதிச் சட்டத்தில் ஒரு பாதுகாப்புப் பட்டையை மாட்டிவிடுங்கள். ஹேண்டிலைக் கடைசி வரை இருபுறமும் திருப்பிப் பாருங்கள். பை ஹாரனை அழுத்தினாலோ கையைத் தடுத்தாலோ அது உங்கள் வண்டிக்குப் பெரிய பை.

பெட்ரோல் போடும்போது காந்தப் பையைத் தரையில் வைக்காதீர்கள். காந்தம் இரும்புத் துகளைப் பொறுக்கிக்கொள்ளும், திரும்ப டேங்கில் வைத்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி கீறும். காந்தப் பட்டை உள்ள கார்டுகளையும் அதில் வைக்க வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் காந்த வகையை வாங்கக் கூடாது.

எவ்வளவு எடை ஏற்றலாம்?

வண்டியின் கையேட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இருக்கும். அதிலிருந்து பெட்ரோலோடு சேர்த்த வண்டியின் எடையைக் கழியுங்கள். மிச்சம் இருப்பது உங்களுக்கும் பின்னால் இருப்பவருக்கும் பைகளுக்கும் சேர்த்து. உதாரணமாக மொத்தம் 360 கிலோ, வண்டி 190 கிலோ என்றால் மிச்சம் 170. ஹெல்மெட், ஜாக்கெட்டோடு நீங்கள் 80, பின்னால் 65 என்றால் பைகளுக்கு 25 கிலோதான், தாங்கிக் கம்பிகளின் எடையும் அதில் அடக்கம். தனியாகப் போகிறவருக்குப் பிரச்சினை குறைவு. இருவர் போகும்போது இந்தக் கணக்கு பலரை அதிரவைக்கும்.

பின் கேரியருக்குத் தனி வரம்பு உண்டு, பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். பல வண்டிகளில் அது 10 கிலோவுக்கும் குறைவு. பின் அச்சுக்குப் பின்னால், உயரத்தில் ஏறும் எடை முன்சக்கரத்தை இலேசாக்கும். வேகத்தில் ஹேண்டில் அலைபாயும். கனமானவை சாடில் பேக்கின் அடியில், இலேசான துணிகளும் ஸ்லீப்பிங் பேக்கும் மேலே பின்னால். இடது வலது சமமாக இருக்கிறதா என்று கையால் தூக்கிப் பாருங்கள். பின் ஷாக்கின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தைக் கூட்டி, சுமைக்குரிய டயர் காற்றையும் நிரப்புங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், அதையும் இறக்கிவிட வேண்டும்.

பின்னால் ஆள் உட்காரும்போது?

ஸ்ட்ராப் அவர் உட்காரும் இடத்தின் குறுக்கேயும் கால் வைக்கும் இடத்திலும் போகக் கூடாது. பையை அவருக்கு முதுகு சாயும் திண்டாக நினைக்காதீர்கள், சாய்ந்து சாய்ந்து கட்டு தளரும். கிளம்பும் முன் அவரை இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். காலைத் தூக்கும்போது பை தடுக்கிறதா என்று அப்போதே தெரியும். தனியாகப் போகிறவருக்கும் இது பொருந்தும்: பழக்கத்தில் காலை வீசி, பூட்ஸ் பையில் இடித்து, நின்ற இடத்திலேயே வண்டியோடு சாய்வது நிறையப் பேருக்கு நடப்பதுதான்.

மழைக்கு உறை போதுமா?

மேலே போடும் உறை தூறலுக்குச் சரி. வேகத்தில் காற்றுப் புகுந்து பலூன் மாதிரி உப்பும், பறந்தும் போகும். உள்ளே போன தண்ணீர் அடியில் குளமாக நிற்கும். பைக்குள் ஒரு நீர்புகாத உள்பை வைத்து, அதன் வாயைச் சுருட்டி மூடுவதுதான் நம்பகமானது. உறை போட்டால் அதை ஸ்ட்ராப்புக்கு அடியில் வருமாறு போட்டு இறுக்குங்கள்.

பெயிண்ட் கீறாமல் இருக்க?

கீறுவது ஸ்ட்ராப்பைவிட அதற்கடியில் இருக்கும் தூசிதான். பை உட்காரும் இடத்தையும் பையின் அடியையும் துடைத்துவிட்டுக் கட்டுங்கள். தேயும் இடங்களில் ஒளிபுகும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டலாம்.

வழியில் எத்தனை முறை பார்க்க வேண்டும்?

முதல் 10, 15 கிலோமீட்டரில் ஒருமுறை கட்டாயம். அதற்குள் உள்ளே இருப்பதெல்லாம் குலுங்கி அமர்ந்துவிடும், ஸ்ட்ராப் ஒரு பிடி தளர்ந்திருக்கும். பிறகு பெட்ரோல் போடும்போதும் டீக்கு நிறுத்தும்போதும் கை வைத்து ஒரு ஆட்டு. மோசமான சாலை முடிந்த உடனே, மழை விட்ட உடனே இன்னொரு தடவை. டெயில் லைட்டும் இண்டிகேட்டரும் நம்பர் பிளேட்டும் மறையவில்லையே என்று பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

ஓடும்போதே பை நகர்ந்த மாதிரி தோன்றினால் கையைப் பின்னால் நீட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள்.

இந்த ஸ்ட்ராப்பை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

நாள் கணக்கு இல்லை, கண்ணால் பார்ப்பதுதான். நிறம் வெளுத்து விறைப்பாகிவிட்டால், ஓரத்தில் இழை பிரிந்தால், தையலில் ஒரு நூல் வந்துவிட்டால், பக்கிளின் பல் மழுங்கி இழுத்த பட்டை மெல்ல நழுவினால் தூக்கிப் போடுங்கள். புதிய ஸ்ட்ராப் ஒன்றை எப்போதும் பைக்குள், கைக்கு எட்டும் மேல் பகுதியில் வையுங்கள். பழையதை இரண்டாக வெட்டிப் போடுவது என் பழக்கம், வேறு யாரும் எடுத்துத் தங்கள் வண்டியில் கட்டிவிடக் கூடாது.